பதிவில் நான் தாண்டிப் போன நிமிடம்

கிளினிக்கல் சைக்காலஜியோ கவுன்சலிங் சைக்காலஜியோ மேற்படிப்பாகப் படிக்கலாம் என்று இருக்கிறேன், எதைப் பார்த்துச் சேர வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். அங்கே நீங்கள் கிளையண்ட்டோடு, அதாவது உதவி தேடி வருபவரோடு, பேசுவதை யாராவது உட்கார்ந்து கேட்பார்களா என்று விசாரியுங்கள். நீங்கள் எழுதிக் கொடுக்கும் சுருக்கத்தைப் படித்துக் கையெழுத்துப் போடுபவர்கள் எல்லா இடத்திலும் இருப்பார்கள். உங்கள் குரலை, நீங்கள் குறுக்கே பேசிய இடத்தை, கேட்டிருக்க வேண்டியதைக் கேட்காமல் விட்ட இடத்தைக் காது கொடுத்துக் கேட்க ஆள் இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

கிளினிக்கலா கவுன்சலிங்கா என்ற குழப்பத்தில் நானும் பல மாதம் இருந்தேன். பொதுவாகச் சொன்னால் முதலாவது கடுமையான மனநோய்கள், நோயறிதல், உளவியல் பரிசோதனைகள் பக்கம் சாயும். இரண்டாவது இழப்பு, உறவு, வேலை, படிப்பு என்று வாழ்க்கையின் திருப்பங்களில் தடுமாறுகிறவர்கள் பக்கம் சாயும். வேலைக்கு வந்துவிட்டால் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கலந்துதான் கிடக்கின்றன. பட்டத்தின் பெயரைவிட, நீங்கள் வேலை செய்யப் போகும் நாட்டில் உரிமம் தருகிற அமைப்பு அந்தப் படிப்பை ஏற்றுக்கொள்கிறதா என்பது முக்கியம். படித்து முடித்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு மறுபடியும் வகுப்பில் போய் உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும். சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள்: படிப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று. 1949-இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் நடந்த மாநாடு, கிளினிக்கல் உளவியலாளர் ஆய்வாளராகவும் சிகிச்சையாளராகவும் இரண்டிலும் தேற வேண்டும் என்று வகுத்தது. 1973-இல் அதே கொலராடோ மாநிலத்தின் வேல் என்ற ஊரில் கூடிய மாநாடு, ஆய்வுகளைப் படித்துப் பயன்படுத்தத் தெரிந்த, ஆனால் சிகிச்சையிலேயே அதிகம் ஊறிய பயிற்சிக்கும் இடம் கொடுத்தது. இந்த இரண்டு போக்கின் தடமும் இன்றைய படிப்புகளில் தெரியும். ஆய்வில் ஆசை உள்ளவர் இரண்டாவது வகையில் சேர்ந்தால் ஏங்கிப் போவார். மனிதர்களோடு இருக்க வந்தவர் முதல் வகையில் சேர்ந்தால் முதல் இரண்டு வருடம் புள்ளியியலோடுதான் இருப்பார்.

சரி, தலைப்பில் சொன்ன குரல்பதிவுக்கு வருகிறேன்.

எங்கள் பயிற்சிக் கிளினிக்கில் ஒவ்வொரு அமர்வையும் குரல்பதிவு செய்ய வேண்டும். கிளையண்ட் எழுத்தில் சம்மதம் தந்தால்தான் பதிவு. யார் கேட்பார்கள், எங்கே வைக்கப்படும், எப்போது அழிக்கப்படும் என்பது மூன்றும் படிவத்தில் இருக்கும். அமர்வைப் பதிவு செய்து கற்பிக்கும் வழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1940-களின் தொடக்கத்தில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கார்ல் ரோஜர்ஸும் அவருடைய மாணவர்களும் இசைத்தட்டுகளில் அமர்வுகளைப் பதிவு செய்தார்கள். ஒரு கிளையண்ட்டுடன் நடந்த எல்லா அமர்வுகளையும் சொல்லுக்குச் சொல் 1942-இல் வந்த தன் நூலில் ரோஜர்ஸ் அச்சிட்டார். அதுவரை சிகிச்சையாளர் நினைவிலிருந்து எழுதியதுதான் பாடம். நினைவு நமக்குச் சாதகமாகத்தான் எழுதும். அதை நான் என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

என் முதல் கிளையண்ட் ஐம்பதை ஒட்டிய வயதுக்காரர். (அவரை யாரும் அடையாளம் கண்டுவிடாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) தூக்கம் வரவில்லை என்று வந்தார். எட்டு மாதத்துக்கு முன் அவருடைய அப்பா இறந்துபோயிருந்தார். முதல் அமர்விலேயே என்னை 'டாக்டர்' என்று கூப்பிட்டார். நான் திருத்தவில்லை. அது பிழை என்று அன்று மாலை, என் வேலையை மேற்பார்க்கும் மூத்த உளவியலாளரோடு உட்காரும் சூப்பர்விஷனில்தான் தெரிந்தது. பயிற்சியில் இருப்பவர் என்பதும், மேலே ஒருவர் பொறுப்பில் இருக்கிறார் என்பதும் கிளையண்ட்டுக்கு வாய்விட்டுச் சொல்லப்பட வேண்டும். படிவத்தில் அச்சடித்திருந்தால் மட்டும் போதாது. அடுத்த வாரம் சொன்னேன். அவர் ஒன்றும் நினைக்கவில்லை. "அப்ப மேடம்னு கூப்பிடறேன்" என்றார், அவ்வளவுதான்.

சூப்பர்விஷன் வாரம் ஒரு மணி நேரம். பதிவில் நமக்குப் பேச வேண்டிய பகுதியைத் தேர்ந்து கொண்டுபோக வேண்டும். நான் எதைத் தேர்ந்தேன் என்று சொல்ல வேண்டுமா? நன்றாகப் போன இடங்களை. நான் சரியாகப் புரிந்துகொண்டதை அவர் 'ஆமா, அதேதான்' என்று ஒப்புக்கொண்ட இடங்களை. இப்படி மூன்று வாரம். என் சூப்பர்வைசர் (அவரை நான் மேடம் என்றுதான் கூப்பிடுவேன்) பொறுமையாகக் கேட்டார், நல்லதை நல்லது என்றார். மூன்றாவது வாரம் முடிவில், "அடுத்த தடவ, என்கிட்ட போட்டுக் காட்ட உனக்கு ரொம்பக் கூச்சமா இருக்கிற அஞ்சு நிமிஷத்தக் கொண்டு வாம்மா" என்றார்.

அது எந்த ஐந்து நிமிடம் என்று எனக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. மூன்றாம் அமர்வு, பதினேழாம் நிமிடம். வீட்டில் அந்தப் பதிவைக் கேட்கும்போதெல்லாம் அந்த இடம் வந்ததும் என் விரல் தானாகத் தள்ளிவிடும்.

மேடம் அறையில் அதைப் போட்டேன். வீட்டில் யார் யார் எங்கே படுக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் நடுவில் குரல் தாழ்ந்து, "அப்பாவோட நாற்காலில இப்பல்லாம் துணி மடிச்சு வைக்கிறாங்க மேடம்" என்கிறார். பிறகு அமைதி. மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும். ஐந்து, ஆறு நொடி இருக்கும். பிறகு என் குரல்: "சரி... தூக்கம் இப்ப எப்படி இருக்கு?"

மேடம் நிறுத்தினார். எதுவும் பேசாமல் பின்னால் தள்ளி மறுபடி போட்டார். நாற்காலி, மின்விசிறி, என் 'சரி'.

"அந்த சரிய யாருக்குச் சொன்ன?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்த மாதம்தான் என் அப்பாவுக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. கிளினிக்கில் யாரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை. படிப்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்திருந்தேன். அன்று சொன்னேன். அழுதேன் என்றே சொல்லலாம். "அப்பா இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். நடக்கிறார் என்றேன். அதற்குப் பிறகு அவர் சொன்னதை இன்றும் அப்படியே சொல்ல முடியும். "இதப் பேசறதுக்கு உனக்குத் தனியா ஒரு ஆள் வேணும், அது நானா இருக்கக் கூடாது. இங்க நாம பேச வேண்டியது, அடுத்த வாரம் அவர் வர்றப்போ அந்த நாற்காலிக்கு எப்படித் திரும்பிப் போறதுன்னு."

சூப்பர்வைசரின் வேலை இவ்வளவு நுணுக்கமானது என்று அதுவரை எனக்குத் தெரியாது. 1979-இல் ஜேனைன் பெர்னார்ட் என்பவர் வகுத்த ஒரு மாதிரியைப் பாடத்தில் படித்திருந்தேன்: சூப்பர்வைசர் தேவைக்கேற்ப ஆசிரியராகவும், ஆற்றுப்படுத்துநராகவும், கூடச் சேர்ந்து யோசிக்கும் சகாவாகவும் மாறி மாறி நிற்பார் என்று. தேர்வில் அதற்கு முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். மேடம் அன்று இரண்டு நிமிடம் ஆற்றுப்படுத்துநராக இருந்து, சரியான நேரத்தில் அதிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்த பிறகுதான் அந்தப் பாடம் எனக்குப் புரிந்தது. பயிற்சியாளரின் சொந்தத் துயரத்துக்குள் சூப்பர்வைசர் முழுக்க இறங்கிவிட்டால், நம்மை மதிப்பிடும் பொறுப்பும் அவரிடமே இருப்பதால், இரண்டும் சிக்கலாகிவிடும். அந்த வாரமே தனியாக ஒரு தெரபிஸ்ட்டிடம் போக ஆரம்பித்தேன். பயிற்சியில் இருக்கும் எல்லோருக்கும் இது அவசியமா என்று கேட்டால், என் மனதுக்கு அவசியம் என்றுதான் படுகிறது. கட்டாயமாக்காத படிப்புகளும் நிறைய உண்டு.

அடுத்த அமர்வில் நான் செய்தது இவ்வளவுதான். "போன தடவ அப்பாவோட நாற்காலியப் பத்திச் சொன்னீங்க. நான் பாட்டுக்குத் தூக்கத்தப் பத்திக் கேட்டுட்டேன். அந்த எடத்துல கொஞ்ச நேரம் இருந்திருக்கணும்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கவனிச்சேன் மேடம். உங்களுக்கு அது வேண்டாம் போலன்னு நெனச்சேன்" என்றார். பிறகு இருபது நிமிடத்துக்கு மேல் பேசினார். துணி மடித்து அந்த நாற்காலியில் வைப்பது வேறு யாரும் இல்லை, அவரேதான். காலியாக இருந்தால் கண் அங்கேயே போகிறது, அதனால் நிரப்பி வைக்கிறேன் என்றார்.

நான் தூக்கத்தைப் பற்றிய கேள்வியால் நிரப்பியது போலத்தான்.

சிகிச்சை உறவில் விழும் இந்த மாதிரி விரிசல்களையும் அவற்றைச் சரிசெய்வதையும் பற்றி ஜெரமி சாஃப்ரனும் கிறிஸ்டபர் மியூரனும் நிறைய எழுதியிருக்கிறார்கள். விரிசலே விழாமல் பார்த்துக்கொள்வதைவிட, விழுந்ததைக் கண்டு வாய்விட்டுப் பேசுவது பலன் தரும் என்பது அவர்கள் சொல்வதில் முக்கியமானது. ஆனால் கண்டுபிடிக்க வேண்டுமே. தனியாக இருந்திருந்தால் நான் அந்த நிமிடத்தைத் தாண்டிக்கொண்டே இருந்திருப்பேன்.

நான் மட்டும்தான் இப்படியா என்று அப்போது வருந்தியிருக்கிறேன். பிறகுதான் 1996-இல் நிக்கோலஸ் லடானியும் சகாக்களும் செய்த ஆய்வைப் படித்தேன். பயிற்சியில் இருப்பவர்கள் சூப்பர்வைசரிடம் எதையெல்லாம் சொல்லாமல் விடுகிறார்கள் என்று கேட்டிருந்தார்கள். ஏறக்குறைய எல்லோருமே எதையாவது மறைத்திருந்தார்கள். சூப்பர்வைசர் மேல் உள்ள மனக்குறை, தன் சொந்தப் பிரச்சினைகள், சிகிச்சையில் செய்த தவறுகள் எல்லாம் அதில் இருந்தன. முதல் வருட மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும் என்பது என் ஆசை.

இந்தப் பழக்கம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை அடுத்து நடந்தது காட்டியது.

எங்கள் கிளினிக்கில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அமர்வுக்கு முன் பி.எச்.க்யூ-9 என்ற வினாத்தாளைக் கிளையண்ட் நிரப்புவார். ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. கடந்த இரண்டு வாரத்தில் மனச்சோர்வின் அறிகுறிகள் எவ்வளவு இருந்தன என்று பார்ப்பது. 10-ஐத் தொட்டாலே கூடுதல் கவனம். ஆறாம் அமர்வன்று அவருடைய மொத்தம் 8. முந்தைய தடவை 13 இருந்தது. குறைந்திருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம். அமர்வும் நன்றாகப் போனது.

மாலை குறிப்பு எழுத உட்கார்ந்தேன். எண்களைக் கணினியில் ஏற்றும்போது ஒன்பதாவது கேள்விக்கு வந்தேன். செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்பது அந்தக் கேள்வி. '1' என்ற கட்டத்தில் டிக். அதாவது சில நாட்கள் வந்திருக்கிறது. அவர் அதைத் தன் கையால் குறித்து என் கையில் தந்திருக்கிறார். நான் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துவிட்டு ஐம்பது நிமிடம் வேறெதையோ பேசி அனுப்பியிருக்கிறேன்.

அந்த நேரத்தில் எனக்கு முதலில் தோன்றியதை மறைக்காமல் சொல்கிறேன். '1'தானே, அடுத்த வாரம் கேட்டுக்கொள்ளலாம் என்று தோன்றியது. என் பிழை வெளியே தெரியாது. அப்படி ஒரு நொடி நினைத்தேன், பிறகு மேடத்துக்குப் போன் செய்தேன். என் மிக மோசமான நிமிடத்தை அவர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார், அதற்குப் பிறகும் என்னை மரியாதையாகத்தான் நடத்தினார் என்பதுதான் அந்தப் போனை எடுக்க வைத்தது. வேறு காரணம் எதுவும் இல்லை.

திட்டவில்லை. "நல்லது, இப்பவே பேசிடலாம்" என்றார். கிளினிக் எண்ணிலிருந்து, அவர் பக்கத்தில் இருக்க, நான் கிளையண்ட்டைக் கூப்பிட்டேன். சுற்றி வளைக்காமல் கேட்கச் சொல்லியிருந்தார். "ஒன்பதாவது கேள்வியில குறிச்சிருந்தீங்க. நான் அங்கேயே கேட்டிருக்கணும், விட்டுட்டேன். செத்துப்போயிடலாம்னு எண்ணம் வருதா?" தற்கொலையைப் பற்றி நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. கேட்காமல் விடுவதில்தான் ஆபத்து. எண்ணம் வருகிறதா, எப்படிச் செய்வது என்று யோசித்ததுண்டா, அதற்கான பொருள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, முன்பு எப்போதாவது முயன்றதுண்டா, தடுத்து நிறுத்துவது எது என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டேன். அப்பா போன இடத்துக்கே போய்விட்டால் என்ன என்று இரண்டு மூன்று இரவு தோன்றியது, அதற்கு மேல் எதுவும் இல்லை என்றார். வீட்டில் மனைவி இருந்தார். அவரிடம் சொல்லலாமா என்று கேட்டோம், சரி என்றார். மறுநாளே வரச் சொன்னோம்.

மறுநாள் மேடமும் அறையில் உட்கார்ந்தார். பார்பரா ஸ்டேன்லியும் கிரகரி பிரவுனும் உருவாக்கிய பாதுகாப்புத் திட்டத்தை அவரோடு சேர்ந்து எழுதினோம். அதில் ஆறு படி. நிலைமை மோசமாகிறது என்பதற்கு அவருக்கே தெரிகிற அறிகுறிகள் என்ன, தனியாகவே செய்து பார்க்கக்கூடியவை என்ன, மனதைத் திருப்ப எந்த ஆளிடம் அல்லது எந்த இடத்துக்குப் போகலாம், உதவி என்று யாரிடம் வாய்விட்டுக் கேட்கலாம், எந்த மருத்துவர், எந்த உதவி எண், கடைசியாக வீட்டில் ஆபத்தானவற்றை எப்படி அப்புறப்படுத்துவது. எல்லாம் அவருடைய சொற்களில், அவருடைய கையெழுத்தில். 'அப்படிச் செய்துகொள்ள மாட்டேன்' என்று எழுதி வாங்கிக்கொள்ளும் பழைய வழக்கம் பாதுகாப்புத் தரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அதில் நிம்மதி நமக்குத்தான் கிடைக்கும்.

அன்றிலிருந்து வினாத்தாளைக் கையில் வாங்கியதும் முதலில் ஒன்பதாவது கேள்வி, பிறகு மற்றது, கடைசியில் கூட்டுத்தொகை. அதுவும் கிளையண்ட் உட்காரும் முன்பே. இதை என்னிடம் பயிற்சிக்கு வருகிற எல்லோருக்கும் முதல் நாளே சொல்கிறேன்.

குறிப்பு எழுதுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்றன்றைக்கே எழுதிவிடுங்கள். மூன்று அமர்வைச் சேர்த்து வைத்தால் ஒருவருடைய சொல் இன்னொருவர் வாயில் போய்விடும். அவர் சொன்னது வேறு, நீங்கள் பார்த்தது வேறு, நீங்கள் முடிவுகட்டியது வேறு. மூன்றையும் பிரித்து எழுதுங்கள். அந்தக் கோப்பை ஒருநாள் கிளையண்ட்டே படிக்கக்கூடும், நீதிமன்றம் கேட்கக்கூடும். என் ஆரம்பக் குறிப்பு ஒன்றில் 'ஒத்துழைக்க மறுக்கிறார்' என்று எழுதியிருந்தேன். மேடம் அடித்துவிட்டு 'வீட்டுப் பயிற்சித் தாளை நிரப்பாமல் வந்தார்' என்று எழுதினார். நடந்தது அதுதான். மீதி என் எரிச்சல்.

அதே கோப்பில் இன்னொரு திருத்தம் எனக்கு இன்னும் பெரியது. அவர் ஒருமுறை "எதுலயும் ஒட்டுதல் இல்ல மேடம்" என்று சொல்லியிருந்தார். நான் பாடப் புத்தகத்தின் கலைச்சொல்லைத் தேடிப் பிடித்து 'இன்பநுகர்ச்சி இழப்பு' என்று எழுதிவிட்டேன். "அவர் இன்பத்தப் பத்தியா பேசினார்? ஒட்டுதல்னாரு. யார்கிட்ட ஒட்டலன்னு கேட்டியா?" என்றார் மேடம். கேட்கவில்லை. பாடங்களை ஆங்கிலத்தில் படித்துவிட்டு நம் மொழியில் கேட்க உட்காரும் எல்லோருக்கும் இது நேரும். மனசு பாரமா இருக்கு, வெறிச்சுன்னு இருக்கு, நெஞ்ச அடைக்குது, மனசு ஆறல என்று சொல்வதெல்லாம் ஒன்றல்ல. எல்லாவற்றையும் 'மனச்சோர்வு' என்ற ஒரே டப்பாவில் போட்டு மூடிவிட்டால் வந்தவரின் துயரம் கோப்பில் இருக்காது. அவர் சொன்ன சொல்லை மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதுங்கள். கலைச்சொல் பிறகு வரட்டும்.

பரிசோதனைக் கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. அறிவுத்திறன் சோதனை நடத்தும்போது குழந்தை சரியாகச் சொன்னதும் 'வெரிகுட்' என்று சொல்லிவிடும் கை பழகாதவர்கள் நிறைய. சொல்லக் கூடாது. எல்லோருக்கும் ஒரே மாதிரி நடத்தினால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. நிஜமான குழந்தையிடம் போகும் முன் சக மாணவர்களிடம் பத்துத் தடவையாவது நடத்திப் பாருங்கள். மதிப்பெண் கூட்டியதை வேறொருவரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். கூட்டல் பிழை ஒரு குழந்தையின் பள்ளியையே மாற்றிவிடும். ஆய்வேட்டைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக: சின்னக் கேள்வியாக எடுங்கள், முடியுங்கள்.

எல்லோருக்கும் அப்படி ஒரு சூப்பர்வைசர் கிடைக்க மாட்டார். எனக்கே அடுத்த பயிற்சி இடத்தில் கிடைத்தவர் நேர் எதிர். பதிவு கேட்க நேரம் இல்லை என்பார். ஒரு மணி நேரத்தில் பாதி அவருடைய போன் அழைப்புகளில் போகும். ஒரு கிளையண்ட்டோடு எனக்கு ஏற்பட்ட சங்கடத்தைச் சொன்னபோது, இதற்கெல்லாம் தாங்க முடியாவிட்டால் இந்தத் தொழில் உனக்கு எதற்கு என்றார். அதன் பிறகு நான்கு மாதம் அவரிடம் நல்ல செய்திகளை மட்டும் சொன்னேன். பழைய பழக்கம் முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. ஒருவர் எவ்வளவு நேர்மையாக இருக்கிறார் என்பது அவர் குணத்தை மட்டும் பொறுத்ததில்லை, எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் பொறுத்தது என்று அப்போதுதான் உறைத்தது. எட்வர்ட் போர்டின் 1979-இல் சிகிச்சை உறவை மூன்று இழைகளாகப் பிரித்தார்: இலக்கில் உடன்பாடு, செய்யும் வேலையில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான பிணைப்பு. 1983-இல் அதையே சூப்பர்விஷனுக்கும் பொருத்தினார். அந்த இடத்தில் எங்களுக்கு மூன்றுமே இல்லை.

அப்படி மாட்டிக்கொண்டால் என்ன செய்யலாம்? நான் தாமதமாகச் செய்ததை நீங்கள் சீக்கிரம் செய்யுங்கள். முதலில், நேராகவும் எழுத்திலும் கேளுங்கள்: வாரம் இவ்வளவு நேரம் சூப்பர்விஷன் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, அடுத்த வாரம் இந்தப் பதிவில் பத்து நிமிடம் சேர்ந்து கேட்க முடியுமா என்று. மறுப்பு வந்தால் படிப்பில் பயிற்சிக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் போங்கள். புகாராகப் போக வேண்டாம், கிளையண்ட்டின் பாதுகாப்புக்காகப் போகிறீர்கள். அவசர நிலைமை எதற்கும் இரண்டாவதாக யாரைக் கூப்பிடுவது என்பதை முதல் நாளே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் மூன்று பேர் வாரம் ஒருநாள் மாலை சேர்ந்து எங்கள் பதிவுகளில் கூச்சமான ஐந்து நிமிடங்களை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டோம். அதற்குக் கிளையண்ட்டின் சம்மதப் படிவத்தில் 'சக பயிற்சியாளர்களும் கேட்கலாம்' என்ற வரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேட்கக் கூடாது. சூப்பர்விஷனுக்கு அது ஈடாகாது. ஆனாலும் அந்த நான்கு மாதம் நான் தாக்குப்பிடித்தது அதனால்தான்.

மறுபடி என் முதல் கிளையண்ட்டுக்கு வருகிறேன். பிராக்டிகம் என்கிற நேரடிப் பயிற்சிக் காலம் முடிகிற தேதி நம் கையில் இல்லை, கிளையண்ட்டின் துயரத்துக்கு அந்தத் தேதி தெரியாது. நான் கிளினிக்கை விட்டுப் போகப் போகிறேன் என்பதை முதல் அமர்விலேயே சொல்லியிருந்தேன், நல்லவேளை. கடைசி ஐந்து அமர்வுகளில் ஒவ்வொரு தடவையும் 'இன்னும் இத்தனை இருக்கு' என்று நினைவுபடுத்தினேன். அப்பாவிடம் விடைபெற வாய்க்காதவர் அவர். இந்த முறையாவது சொல்லிக்கொண்டு பிரிய வேண்டும் என்று மேடம் சொன்னார். பதினாறாவது அமர்வுதான் கடைசி. எழுந்தவர் கதவருகே நின்று, "என் குரல் இன்னும் உங்ககிட்ட இருக்குமா மேடம்?" என்று கேட்டார். மதிப்பீடு முடிந்ததும் அழித்துவிடுவோம், படிவத்தில் உள்ள தேதிக்குள் என்றேன்.

மூன்று வாரம் கழித்து மேடம் அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தோம். பதினாறு கோப்புகள், பதிவேட்டில் பதினாறு வரிகள், இரண்டு கையெழுத்து. அழித்தாயிற்று என்று அவருக்கு ஒரு வரி தகவல் அனுப்பிவிடச் சொன்னார். அனுப்பினேன்.